படித்தது எங்கே போச்சு? உங்களுக்கென்று ஒரு தொழில்நுட்பக் குறிப்புக் களஞ்சியம்



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். போன செமஸ்டரில் புரோகிராமிங் பாடத்தில் ஏதாவது ஒரு சிக்கலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தீர்த்திருப்பீங்க. அதே சிக்கல் இன்று ராத்திரி மறுபடியும் வந்தால் எத்தனை நிமிடத்தில் தீர்ப்பீங்க? ஐந்து நிமிடம் போதும் என்றால், நீங்கள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். மறுபடியும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், அன்றைக்குச் சிக்கல் மட்டும்தான் தீர்ந்தது. படிப்பு கையில் தங்கவில்லை.

நம்மில் பலருக்கு நிலைமை இரண்டாவதுதான். சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் எங்கேயோ வைத்திருக்கிறோம், தேடினால்தான் கிடைப்பதில்லை. கைப்பேசியில் நூற்றுக்கணக்கான ஸ்கிரீன்ஷாட். புலனக் குழுவில் சீனியர் அனுப்பிய பிடிஎஃப். பிறகு பார்க்கலாம் என்று சேமித்து வைத்த யூடியூப் காணொளி. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் நாலு வருட ஃபைல்கள். கைப்பேசி கெட்டுப்போனால் முதலாவது போச்சு. குழுவை விட்டு வெளியேறினால் இரண்டாவது போச்சு. பட்டம் வாங்கி, அந்தக் கணக்கை மூடினால் கடைசியும் போச்சு.

இந்த மாதப் பாடம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. புரோகிராமிங், மின்னணுவியல், கணினி என்று நீங்கள் கற்கும் நுட்ப விஷயங்களைச் சொந்த வார்த்தையில் எழுதி, இணையத்தில் உங்கள் பெயரில் ஒரு குறிப்புக் களஞ்சியமாக வளர்ப்பது எப்படி? எதை எழுதுவது, எப்படி எழுதுவது, எங்கே வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று வரிசையாகப் பார்ப்போம். எஸ்பிஎம் முடித்துவிட்டு மெட்ரிகுலேஷன், எஸ்டிபிஎம், போலிடெக்னிக் போகப் போகிறவர்களும் படிக்கலாம். சீக்கிரம் தொடங்கினால் லாபம் உங்களுக்குத்தான்.

1. மறதி இயல்பு, எழுத்து மருந்து

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்தார். 1885ல் அதை நூலாக வெளியிட்டார். அவர் கண்டது: மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஆக, ராத்திரி தீர்த்த சிக்கலை அடுத்த வாரம் எழுதிக்கலாம் என்றால், எழுத ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு ஆய்வு 2006ல் வெளிவந்தது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளை மூடி வைத்துவிட்டு, ஞாபகத்தில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மூடி வைத்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு நேரடியான பாடம் இருக்கு. காணொளியைப் பார்த்துக்கொண்டே காப்பி பண்ணுவது படித்த மாதிரி ஓர் உணர்வைக் கொடுக்கும், அவ்வளவுதான். காணொளியை மூடிவிட்டு, "இப்போ என்ன புரிஞ்சது?" என்று உங்களையே கேட்டு எழுதுங்கள். எழுதும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ, அதுதான் இன்னும் புரியாத இடம். அங்கே மட்டும் திரும்பப் போய்ப் பாருங்கள். குறிப்பு எழுதும் வேலையிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

2. எது குறிப்பு?

ஒரு இணைப்பைச் சேமித்து வைப்பது குறிப்பு ஆகாது. விரிவுரை ஸ்லைடை அப்படியே ஒட்டி வைப்பதும் ஆகாது. அவை மற்றவர்களின் எழுத்து. குறிப்பு என்பது நீங்கள் ஒரு விஷயத்தோடு மோதி, அதில் கிடைத்ததை உங்கள் வார்த்தையில் எழுதுவது. அதற்கு ஐந்தே வரி போதும்:

முதல் வரி, என்ன செய்ய நினைத்தேன்?
இரண்டாவது, என்ன நடந்தது? எரர் வந்திருந்தால் அதை எழுத்து மாறாமல் அப்படியே எழுத வேண்டும்.
மூன்றாவது, ஏன் அப்படி நடந்தது?
நான்காவது, எப்படிச் சரியானது?
ஐந்தாவது, எந்தக் கருவியில், எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் செய்தேன்?

எரர் வரியை ஏன் மாறாமல் எழுதச் சொல்கிறேன்? ஆறு மாதம் கழித்து அதே எரர் திரையில் வரும்போது, அந்த வரியைத்தான் நீங்கள் காப்பி பண்ணித் தேடுவீங்க. குறிப்பில் அதே வரி இருந்தால் உடனே மாட்டும். விளக்கத்தைத் தமிழில் எழுதினாலும் எரரையும் நிரலையும் ஆங்கிலத்தில் இருக்கிற மாதிரியே விட்டுவிடுங்கள்.

ஒரு உதாரணம் சொல்றேன். முதல் வருடத்தில் பலரும் தொடும் போர்டு அர்டுயினோ ஊனோ. ஒரு எல்இடி விளக்கு நொடிக்கு ஒரு தடவை மாற வேண்டும். மில்லிஸ் என்ற கட்டளையில் நேரத்தை எடுத்து, முந்திய நேரத்தை இண்ட் வகை மாறியில் வைத்து நிரல் எழுதினால் என்ன ஆகும்? முதல் 32 விநாடி அழகாக ஓடும். அப்புறம் இடைவெளியே இல்லாமல் படபடவென்று மாற ஆரம்பிக்கும். கண்ணுக்கு விளக்கு மங்கலாக நின்று எரிவது போல் தெரியும். ரீசெட் பண்ணினால் மறுபடியும் 32 விநாடி சரியாக இருக்கும். வயர் கழன்றதா, எல்இடி கெட்டதா, போர்டு கெட்டதா என்று ஒரு குழு முழு மதியமும் தேடலாம்.

இதற்கான குறிப்பு இப்படி இருக்கும்:

"செய்ய நினைத்தது: மில்லிஸ் வைத்து நொடிக்கு ஒரு தடவை எல்இடியை மாற்றுவது.
நடந்தது: சுமார் 32 விநாடி சரி. பிறகு இடைவெளி இல்லாமல் மாறுகிறது. எரர் எதுவும் வரவில்லை.
காரணம்: ஊனோவில் இண்ட் என்பது 16 பிட். அதில் அடங்கும் அதிகபட்ச எண் 32,767. மில்லிஸ் தருவது மில்லி விநாடி. 32.767 விநாடியைத் தாண்டியதும் இண்ட் நிரம்பி, எதிர்மறை எண்ணாக மாறிவிடுகிறது.
தீர்வு: அன்சைன்ட் லாங் வகைக்கு மாற்றினேன். அது 32 பிட், சுமார் 49.7 நாள் வரை தாங்கும். இப்போதைய நேரத்திலிருந்து முந்திய நேரத்தைக் கழித்துப் பார்க்கும் முறையில் எழுதினால் அதற்குப் பிறகும் கணக்குப் பிசகாது.
கருவி: அர்டுயினோ ஊனோ. இஎஸ்பி32 போர்டில் இதே நிரல் இந்தக் கோளாறைக் காட்டாது. அங்கே இண்ட் 32 பிட்."

எழுதப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதில் ஒரு விளக்கின் கதை மட்டும் இல்லை. "எரர் இல்லாமல் தப்பாக ஓடினால், மாறியின் அளவைப் பார்" என்று ஒரு பழக்கமே இதற்குள் இருக்கு. கடைசி வரியைக் கவனிச்சீங்களா? போர்டின் பெயரை எழுதாமல் விட்டிருந்தால், இஎஸ்பி32 வைத்திருக்கும் ஒருவர் இந்தக் குறிப்பைப் படித்து, இது பொய் என்று முடிவு கட்டிவிடுவார்.

3. விடை மட்டும் போதாது

தீர்வை மட்டும் எழுதி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பீங்க. அதற்கு நம்மவர் ஒருவரின் நோட்டுப் புத்தகமே பதில் சொல்லும்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன், தாளுக்குத் தட்டுப்பாடு இருந்த நாளில் சிலேட்டில் கணக்குப் போட்டு அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். 1920ல், 32 வயதில் மறைந்துபோனார். வந்த வழி பெரும்பாலும் அவரோடு போய்விட்டது. அந்த நோட்டுகளில் இருந்த முடிவுகளுக்கு நிரூபணம் சேர்த்து, அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985க்கும் 1998க்கும் இடையில்தான் வந்து முடிந்தன. இராமானுஜனின் கடைசிக் காலத் தாள்கள் சில கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன.

இராமானுஜனின் விடைகளைத் தேடி உலகமே பின்னால் வந்தது. நம்முடைய விடைகளைத் தேடி யாரும் வரமாட்டாங்க. நம்மளே ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து, "இதை ஏன் இப்படி எழுதினேன்?" என்று முழிப்போம். அதனால்தான் மூன்றாவது வரி, அதாவது "ஏன்", மற்ற நாலையும் விட முக்கியம். தீர்வை எங்கே வேண்டுமானாலும் காப்பி பண்ணலாம். காரணத்தை உங்கள் மூளை மட்டும்தான் எழுத முடியும்.

4. எந்த வடிவில் எழுதுவது?

நான் சொல்லும் விதி ஒன்றுதான்: எளிய உரைக் கோப்பில் எழுதுங்கள். எந்தச் செயலியும் இல்லாமல் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வடிவம் அது.

வடிவம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது தமிழ் பேசுகிற நமக்குத்தான் நன்றாகத் தெரிய வேண்டும். 1990களில் கணினியில் தமிழ் எழுத ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஓர் எழுத்துக் குறியீட்டு முறை வைத்திருந்தது. டிஸ்கி, டாம், டாப் என்று பல முறைகள். ஒன்றில் எழுதிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வரும். இன்று அந்தக் காலத்துக் கோப்புகளைப் படிக்க, மாற்றிக் கொடுக்கும் கருவி தேவைப்படுகிறது. எல்லாரும் யூனிகோடுக்கு வந்த பிறகுதான் தமிழ் எங்கும் தமிழாகவே தெரிகிறது. இந்தப் பயணத்தில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளையும், கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்த செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர்தான்.

எளிய உரையில் தலைப்பு, பட்டியல், நிரல் பகுதி எல்லாம் காட்ட மார்க்டவுன் என்ற எழுத்து முறை இருக்கு. 2004ல் ஜான் க்ரூபர் வெளியிட்டார். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். வரியின் முன்னால் # போட்டால் தலைப்பு. - போட்டால் பட்டியல். நிரலுக்கு மேலும் கீழும் ``` போட்டால் அது தனிக் கட்டத்தில் வரும். இவ்வளவு தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

கணினியில் எழுத விஷுவல் ஸ்டூடியோ கோட் போதும். குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க விரும்பினால் அப்சிடியன் என்ற செயலி இருக்கு. அதுவும் மார்க்டவுன் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே வைக்கும். நாளைக்கு அந்தச் செயலி இல்லாமல் போனாலும் உங்கள் எழுத்து உங்களிடம் இருக்கும். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கேளுங்கள்: "இதிலிருந்து என் எழுத்தை முழுசா வெளியே எடுக்க முடியுமா?"

5. இணையத்தில் எங்கே வைப்பது?

இப்போதைக்கு மாணவர்களுக்குச் சுலபமான வழி கிட்ஹப். அது கிட் என்ற கருவியின் மேல் நிற்கிறது. கிட்டை லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதினார். ஒரு கோப்பில் எப்போது, யார், எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றை அது வைத்திருக்கும். கிட்ஹப் 2008ல் வந்தது. அங்கே கணக்கு இலவசம்.

படிகள் இவை:

முதலில் கணக்குத் தொடங்குங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலைத் தவிர்த்து, சொந்த மின்னஞ்சலையே முதன்மையாகக் கொடுங்கள். பட்டம் வாங்கிய பிறகும் அது உங்களோடு வரும். பயனர் பெயரைக் கொஞ்சம் யோசித்து வையுங்கள். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் எழுதுவீங்க.

இரண்டாவது, குறிப்புகள் என்ற பொருள் தரும் பெயரில் ஒரு புதிய களஞ்சியம் உருவாக்குங்கள். அதில் பாடவாரியாக நாலைந்து கோப்புறை போதும்: பைத்தான், சி, மின்னணுவியல், லினக்ஸ், பொது. தொடக்கத்திலேயே முப்பது கோப்புறை போட்டு அடுக்க வேண்டாம். அடுக்குவதிலேயே ஆசை தீர்ந்து, எழுதாமல் விட்டுவிடுவோம்.

மூன்றாவது, ஒரு விஷயத்துக்கு ஒரு கோப்பு. பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டு வையுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது, இணையத்தில் பார்க்கும். உங்கள் கணினியில் நன்றாகத் தெரிந்த படம் இணையத்தில் காணாமல் போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். தேதி சேர்ப்பதானால் 2025-03-14 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதுங்கள். அகர வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும்.

நான்காவது, ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "மாற்றம்" என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. "ஊனோவில் இண்ட் அளவு: காரணம் சேர்த்தேன்" என்றால் பயன் உண்டு. இதே பழக்கம்தான் நாளைக்கு வேலை இடத்திலும் வேண்டும்.

ஐந்தாவது, களஞ்சியத்தின் அமைப்புகளில் பேஜஸ் என்ற பகுதிக்குப் போய், முதன்மைக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் மார்க்டவுன் கோப்புகள் வலைப்பக்கங்களாகிவிடும். உங்கள் பயனர் பெயர், அதற்குப் பின் கிட்ஹப் புள்ளி ஐஓ என்று தொடங்கி, களஞ்சியத்தின் பெயரில் முடியும் முகவரி கிடைக்கும். இலவசக் கணக்கில் இதற்குக் களஞ்சியம் பொதுவாகத் திறந்திருக்க வேண்டும். இன்டெக்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்து, அதில் எல்லாக் குறிப்புக்கும் இணைப்புக் கொடுங்கள். அதுதான் வீட்டு வாசல்.

மடிக்கணினி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கைப்பேசி உலாவியிலேயே கிட்ஹப் திறந்து, புதிய கோப்பு உருவாக்கி, எழுதிச் சேமிக்கலாம். கிட் கட்டளைகளை அப்புறம் மெதுவாகக் கற்றுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எந்த நிறுவனமும் நிரந்தரம் இல்லை. 1994ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் ஒரு காலத்தில் இலட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் வைத்திருந்த இடம். 1999ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் அமெரிக்கச் சேவையை மூடியது. தங்களிடம் ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் வேறு இடத்துக்குக் குடிபோனார்கள். கிட்டில் இந்தப் பயம் குறைவு. களஞ்சியத்தை உங்கள் கணினிக்குக் குளோன் பண்ணும்போது, கோப்பும் வரலாறும் முழுசா உங்களிடம் வந்துவிடும். மாதம் ஒரு தடவை அதைப் பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. இதுதான் பழைய விதி.

6. ஏன் எல்லாரும் பார்க்கும்படி?

தனியாகவும் வைத்துக்கலாம், தப்பில்லை. ஆனால் திறந்து வைப்பதில் ஒரு பெரிய விஷயம் இருக்கு. இதைத்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர்கள். அப்பா லாரி ஓட்டியிருப்பார், அம்மா தொழிற்சாலையில் வேலை செய்திருப்பார். அவர்கள் உழைப்பில்தான் நம்ம படிப்பு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு நிரல் ஓடவில்லை என்றால் வீட்டில் கேட்க ஆள் கிடையாது. அக்காவோ மாமாவோ பொறியாளராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஃபோன் போதும். அந்தப் பிள்ளைக்கும் நமக்கும் மூளையில் வித்தியாசம் இல்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் குறிப்புக் களஞ்சியம் அந்த ஆளாக இருக்க முடியும். அடுத்த வருடம் அதே பாடத்தில் உட்காரப் போகும் தம்பிக்கும் தங்கைக்கும் நீங்கள்தான் அந்த அக்கா, அந்த அண்ணன். பேராசிரியர் எழுதிய விளக்கத்தை விட, போன வருடம் அதே இடத்தில் முழித்த ஒருவர் எழுதிய விளக்கம் சில நேரம் சுலபமாகப் புரியும். எங்கே முழிப்பாங்க என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.

மொழியும் இதில் சேரும். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் தமிழ், இடைநிலைப் பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழியைத் தாண்டி வருகிறோம். குறிப்பை எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டால், உங்களுக்கு எதில் "ஏன்" புரிகிறதோ அதில் எழுதுங்கள் என்பேன். தமிழில் எழுதினால் இன்னொரு லாபமும் உண்டு. மனப்பாடம் பண்ணின ஆங்கில வரி கைகொடுக்காது. புரிந்தால்தான் தமிழில் சொல்ல வரும்.

தமிழே ஒரு நல்ல புரோகிராமிங் பாடமாகவும் அமையும். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என்று மூன்று. பைத்தானில் லென் கட்டளையைக் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோடு குறிகளாக எண்ணுகிறது. யுடிஎஃப்-8ல் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15 பைட். தமிழ்ப் பெயர்களை வைத்து ஒரு செயலி எழுதுகிறவர், பத்து எழுத்தோடு வெட்டு என்று கட்டளை போட்டால் பெயர் பாதி எழுத்தில் அறுந்து நிற்கும். இதை ஆங்கிலப் பாடநூல் பெரும்பாலும் சொல்லித் தராது. நீங்கள் எழுதினால் அது உண்மையிலேயே புதிய குறிப்பு.

திறந்து வைத்தால் தவறைத் திருத்துகிறவர்களும் வருவாங்க. தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதும் உதவும். "சி மொழி தெரியும்" என்று எழுதுவது எல்லாரும் செய்வது. இரண்டு வருடமாகத் தேதியோடு எழுதிய குறிப்புகளைக் காட்டுவது வேறு. நேர்காணலில் அதிலிருந்து கேள்வி கேட்டாலும் பயமில்லை. எல்லாம் நீங்களே எழுதினது.

7. எதை வைக்கக் கூடாது?

கடவுச்சொல், ஏபிஐ சாவி, வைஃபை பெயரும் குறியும் நிரலுக்குள் இருக்கா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இஎஸ்பி32 நிரல்களில் இது அடிக்கடி நடக்கும். கிட் வரலாற்றை வைத்திருக்கும் என்று சொன்னேன் இல்லையா? சாவியை அடுத்த தடவை அழித்தாலும் பழைய பதிப்பில் அது இருக்கும். வெளியே போன சாவியை ரத்து செய்துவிட்டுப் புதுசு எடுப்பதுதான் பாதுகாப்பு.

நடப்புச் செமஸ்டரின் அசைன்மெண்ட் விடையைப் போடாதீர்கள். அது மற்றவர் காப்பி அடிக்க வழி செய்வது. உங்கள் பல்கலைக்கழக விதிகளைப் பாருங்கள். கருத்தை விளக்குங்கள், விடைத்தாளைக் கொடுக்காதீர்கள்.

தொழிற்பயிற்சியில் பார்த்த நிறுவன நிரல், வரைபடம் எதுவும் வெளியே வரக் கூடாது. அங்கே கற்ற பொதுவான விஷயத்தை வேறு உதாரணத்தில் எழுதலாம்.

நண்பர்களின் மாணவர் எண், ஃபோன் எண், மதிப்பெண் தெரியும் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அது அவர்களின் சொந்த விவரம். அடுத்தவர் எழுதிய விளக்கத்தை எடுத்தால், யார் எழுதியது என்று சொல்லி இணைப்பும் கொடுங்கள். படித்ததைத் தன்னுடையதாகக் காட்டுவது அறிவுக்கு அழகில்லை.

8. செயற்கை நுண்ணறிவு இருக்கே?

"எது கேட்டாலும் சாட்ஜிபிடி சொல்லுதே, குறிப்பு எதுக்கு?" என்று மாமாக் கடையில் உட்கார்ந்து பேசும்போது கட்டாயம் யாராவது கேட்பாங்க. நியாயமான கேள்விதான். நானும் அதைப் பயன்படுத்துகிறேன்.

ஆனால் அது தப்பான பதிலையும் சரியான பதில் மாதிரியே சொல்லும். இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்களுக்குள் ஓர் அளவுகோல் வேண்டும். அந்த 32 விநாடிக் குறிப்பை எழுதியவர், அது கொடுக்கும் நிரலில் இண்ட் என்று வந்தால் உடனே நிறுத்திக் கேட்பார். எழுதாதவர் அப்படியே போர்டில் ஏற்றுவார். பதில் சுலபமாகக் கிடைக்கிற காலத்தில், பதிலைச் சோதிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அதனால் கேளுங்கள், பதிலை ஓட்டிப் பாருங்கள், மூடி வையுங்கள், பிறகு உங்கள் வார்த்தையில் ஐந்து வரி எழுதுங்கள். அது சொன்னதை அப்படியே ஒட்டினால் உங்கள் களஞ்சியம் வளரும், நீங்கள் வளர மாட்டீங்க.

9. பழக்கமாக்குவது எப்படி?

இலக்கைச் சின்னதாக வையுங்கள். நாள் முடிவில் பதினைந்து நிமிடம். அன்றைக்கு மோதிய ஒரு விஷயம், ஐந்து வரி. எதுவும் மோதவில்லை என்றால் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பழைய குறிப்பு இரண்டைத் திறந்து, முதல் இரண்டு வரியை மட்டும் படித்து, மீதியை நீங்களே சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் விட்டுவிடுங்கள். வராவிட்டால், குறிப்பைத் தெளிவாகத் திருத்தி எழுதுங்கள். பதிப்பு பழசாகிவிட்டால் மேலே "பழையது" என்று ஒரு வரி போடுங்கள். அழிக்க வேண்டாம்.

அழகான வடிவமைப்பு, வண்ணம், எழுத்துரு எல்லாம் ஐம்பது குறிப்புக்குப் பிறகு பார்த்துக்கலாம். முதல் பத்துக் குறிப்பு சுமாராகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. இரண்டாம் வருடத்தில் தொடங்கிய என் களஞ்சியத்தில் இப்போ நூற்றுக்கு மேல் இருக்கு. அதில் அதிகம் பேர் திறந்து பார்த்தது, பிரெட்போர்டில் எந்தத் துளை எதோடு உள்ளே இணைந்திருக்கு என்று ஆறு வரியில் எழுதினதுதான்.

செய்து பாருங்கள்

இந்தப் பாடத்துக்குப் பயிற்சி மூன்று. அடுத்த இதழ் கைக்கு வருவதற்குள் முடித்துவிடலாம்.

ஒன்று, கைப்பேசியில் இருக்கும் பாட ஸ்கிரீன்ஷாட்களில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரிக் குறிப்பு எழுதிவிட்டுப் படத்தை அழியுங்கள்.

இரண்டு, கிட்ஹப்பில் களஞ்சியம் தொடங்கி, அந்த மூன்று குறிப்பையும் ஏற்றுங்கள்.

மூன்று, உங்களுக்கு ஒரு வருடம் கீழே படிக்கும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நின்று "இது என்ன அண்ணா?", "இது ஏன் அக்கா?" என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.

கிளைகளில் வாரக் கூட்டம் நடத்துகிறவர்கள், கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். ஆளுக்கு ஒரு குறிப்பை எழுந்து வாசித்தால் போதும். பத்துப் பேர் இருக்கும் கிளையில் ஆறு மாதத்தில் எவ்வளவு சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.